மூன்றாம் சுற்று முடியும்வரை

நாள் 410 | 08:15 | கலிஸ்டோ, நிலையம் இரண்டு

வழக்கமான பதிவு. அறை வெப்பம் 19. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. கீரை அறையில் வெந்தயம் இரண்டு விரல் உயரம் வந்திருக்கிறது. அறையின் காற்று வால்வை இயக்கும் மின்னணு அட்டைகளில் ஒன்று காலையில் நின்றுவிட்டது. கீரை அறையின் மாற்று அட்டையைக் கழற்றி அங்கே சொருகினேன். ஐந்து நிமிட வேலை.

இதைப் படிப்பவர் யாரோ, அவருக்காக: எழுதுவது மெர்சிலின் பர்னாந்து, நிலையத்தின் கணினிப் பொறியாளர், ஊர் தூத்துக்குடி. வியாழனின் இந்தப் பனி நிலவில் இப்போது நாங்கள் இரண்டு பேர். இன்னொருத்தி ஹாஜிரா, நிலவியலாளர், காயல்பட்டினத்துக்காரி. முப்பத்தேழு நாளைக்கு முன் பனி பிளந்ததில் அவளுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது, வெளியுடுப்பு கிழிந்தது, எங்கள் பெரிய ஆன்டெனாவும் விழுந்தது. அவளை உறக்கப் பேழையில் படுக்க வைத்திருக்கிறேன். மீட்புக் கப்பல் வர இன்னும் அறுபத்து நான்கு நாள்.

பூமியோடு பேச்சு சின்ன ஆன்டெனாவில். நிமிடத்துக்கு நாற்பது எழுத்துதான் போகும். போய்ச் சேர நாற்பத்து நான்கு நிமிடம். அங்கே என்னோடு பேசுபவர் கோமதிநாயகம் அண்ணாச்சி, தரைநிலையத்தின் பணிப்பொறுப்பாளர். திருநெல்வேலிக்காரர், எழுத்தை எண்ணிச் செலவு பண்ணத் தெரியாதவர்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு வரி இருக்கும். அதை நான் எழுதுவதில்லை. காற்றுக் கணக்கி என்ற கருவி அறையிலும் பேழையிலும் வெளிவிடும் மூச்சை அளந்து தானாக ஒட்டுகிறது. நான் வெளியுடுப்புக்குள் புகுந்துவிட்டால் அதற்கு என் மூச்சு தெரியாது. அப்போது என்னைச் செத்தவளாக வைத்துக்கொள்ளும்.

மூச்சு விடுவோர்: 2


நாள் 412 | 09:40

இரண்டாவது அட்டை நின்றது. இந்த முறை பேழையில். அதன் ஜோடி தாங்கிக்கொண்டது.

இரண்டின் ஓடிய நேரத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று 9,841 மணி, மற்றது 9,890. ஆறு அட்டைகளும் ஒரே ஆலையில், ஒரே வாரத்தில் செய்யப்பட்டவை. ஆறும் முதல் நாளிலிருந்து ஓடுகின்றன. ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று ஜோடி ஜோடியாக வைத்தவர்கள் ஆறையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மீதி நான்கும் இந்த வாரத்துக்குள் போகும்.

காற்று வால்வுகளுக்குக் கைப்பிடி கிடையாது. எடை மிச்சம் பிடித்தார்கள். அட்டை சொன்னால்தான் திறக்கும்.

மாற்று என்ன இருக்கிறது? பனி துளைக்கும் எந்திரங்களில் மூன்று போர்டுகள் இருக்கின்றன. சொருகும் வாய் அதே அளவு. ஆனால் அதற்குள் இருக்கும் சிப் வேறு ஜாதி. அட்டைகளில் ஓடும் காற்று நிரலின் மூலப்பிரதி என்னிடம் இருக்கிறது, அந்தச் சிப்புக்குப் புரியும் மொழியில் அதை மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் இல்லை. சிப் செய்த ஆலை மூடிப் பதினொரு வருடம். பூமியிலும் அந்தச் சிப் ஒன்றுகூட இல்லை. கம்பைலர் இருந்தாலும் நாற்பது எழுத்து வேகத்தில் அனுப்பி முடிக்க இருபது நாளாகும்.

ஆக, என்னிடம் இருக்கும் கம்பைலரை நானே அந்தச் சிப்புக்குப் பெயர்க்க வேண்டும். எங்கே வைத்துப் பெயர்ப்பது என்பதுதான் கேள்வி. அசல் போர்டிலா, எமுலேட்டரிலா? எமுலேட்டர் என்றால் நிலையக் கணினிக்குள் அந்தச் சிப்பைப் போலவே நடிக்கும் ஒரு நிரல். போர்டு ஆமை. எமுலேட்டர் நிலையக் கணினியின் வேகத்தில் பறக்கும். அதில் தப்பு செய்தால் எதுவும் எரியாது.

என்னிடம் எமுலேட்டர் இருக்கிறது. வரும் வழியில் பதினாறு மாதப் பயணத்தில் பொழுது போகாமல் நானே எழுதியது. கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன்.

மூச்சு விடுவோர்: 2


நாள் 413 | 10:05

தரைநிலையத்திலிருந்து:

"எமுலேட்டரில் செய்யவும். போர்டுகளைக் கடைசிக் கட்டத்தில் மட்டும் தொடவும். பாதுகாப்புக் குழு."

அதன் பின்னாலேயே இன்னொன்று:

"தங்கச்சி, குழு சொல்லுதது சரிதான்னு எனக்கும் படுது. ஒன் எமுலேட்டரு நல்லாத்தான் ஓடுதுன்னு நீயே சொல்லிருக்க. பதறாத. நல்லா சாப்பிடு. கோமதி."

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. இதை எழுதி வைக்கிறேன். பிறகு எல்லாப் பழியையும் குழுவின் தலையில் போட எனக்கு ஆசை வரும்.

மூச்சு விடுவோர்: 2


நாள் 414 | 11:20

பெயர்ப்பு முடிந்தது. பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பைலரைச் சோதிக்க அதை வைத்தே அதைச் செய்யச் சொல்வோம். முதல் சுற்று: பழைய கணினி புதிய சிப்புக்கான கம்பைலரைச் செய்யும். இரண்டாம் சுற்று: அந்தக் கம்பைலர் புதிய சிப்பில் ஓடி, தன்னையே மறுபடி செய்யும். மூன்றாம் சுற்று: அப்படி வந்தது மறுபடி தன்னைச் செய்யும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு பைட் விடாமல் ஒத்திருக்க வேண்டும். ஒரு பைட் மாறினாலும் எங்கோ புழு, அதாவது பிழை, இருக்கிறது என்று அர்த்தம். கம்பைலரைவிடப் பெரிய நிரல் என்னிடம் வேறு இல்லை. தன்னை வழுக்காமல் செய்து காட்டினால் காற்று நிரலையும் வழுக்காமல் செய்யும்.

எமுலேட்டரில் மூன்று சுற்றும் நாற்பத்தொரு நிமிடம். வேறுபட்ட பைட்: 0.

எழுந்து நின்று கை தட்டினேன். கேட்க யாருமில்லை, பரவாயில்லை.

காற்று நிரலைச் செய்து, போர்டு 'அ'-வில் ஏற்றி, கீரை அறையில் சொருகிவிட்டு வந்தேன். பழைய அட்டை இன்னொன்று இன்று காலை போய்விட்டது. கையில் மூன்று.

மூச்சு விடுவோர்: 2


நாள் 414 | 13:02

கீரை அறை போய்விட்டது.

12:48-க்கு வெளிவால்வு முழுசாகத் திறந்தது. மூடவேயில்லை. இடைக்கதவு தானாக இறங்கியதால் நான் இருக்கிறேன், ஹாஜிரா இருக்கிறாள். உள்ளே இருந்த காற்று முழுவதும் கலிஸ்டோவுக்குப் போனது. வெந்தயம் நின்ற இடத்திலேயே உறைந்து கண்ணாடியாகிவிட்டது. போர்டு 'அ' கருகிவிட்டது.

சோதனைக்குக் கீரை அறையை எடுத்தேன். பேழையை எடுத்திருக்கலாம். பேழைக்குத்தான் முதலில் போடச் சொல்லி என் மனசு அடித்துக்கொண்டது.

மூச்சு விடுவோர்: 2


நாள் 415 | 08:30

கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையது.

இந்தச் சிப் நினைவகத்தை நான்கு நான்கு கட்டமாக எடுக்கும். ஒரு எண் இரண்டு நாலுகட்டங்களில் பாதிப் பாதியாகக் கிடந்து, அதைக் கேட்டால், சில சிப்புகள் இரண்டு முறை எடுத்து ஒட்டித் தரும். சில, முடியாது என்று நின்றுவிடும். இந்தத் தடியன் இரண்டும் செய்யவில்லை. பக்கத்தில் கிடந்த வேறு எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் உட்கார்ந்திருந்தான். காற்றழுத்த அளவு கேட்ட நிரலுக்கு வெப்ப அளவு போனது. அழுத்தம் தலைக்கு மேல் போய்விட்டதாக எண்ணி அது வால்வைத் திறந்துவிட்டது.

கையேட்டில் பக்கம் 212: "இவ்வாறு கேட்கக் கூடாது." அவ்வளவுதான். கேட்டால் என்ன ஆகும் என்று இல்லை. எமுலேட்டர் எழுதும்போது அந்த ஓட்டையை நான் என் இஷ்டப்படி அடைத்தேன், சரியான எண்ணையே கொடுத்துவிடு என்று. நடிக்க வைத்தது அந்தச் சிப்பை அல்ல. எப்படி இருந்தால் எனக்குப் பிடிக்குமோ அப்படி ஒரு சிப்பை நடிக்க வைத்து, அதில் மூன்று சுற்று ஓட்டிக் கையும் தட்டிக்கொண்டேன்.

நாலுகட்டத்தைத் தாண்டி எதையும் கேட்காதபடி கம்பைலரைத் திருத்திவிட்டேன்.

மூச்சு விடுவோர்: 2


நாள் 415 | 12:15

தரைநிலையம்:

"எமுலேட்டரைத் திருத்தி, அதிலேயே மீண்டும் ஓட்டவும். மீதமுள்ள இரண்டு போர்டுகளையும் சோதனைக்குப் பயன்படுத்தத் தடை. பாதுகாப்புக் குழு."

"தங்கச்சி, கோவப்படாம கேளு. ரெண்டே ரெண்டு போர்டுதான் கெடக்கு. அதுல ஒண்ணு போச்சுன்னா என்ன செய்யிறது? கோமதி."

நான் அனுப்பியது:

"திருத்திய எமுலேட்டரும் நான் எழுதியதுதான். எனக்குத் தெரிந்த தப்பைத்தான் அதில் திருத்த முடியும். எனக்குத் தெரியாத தப்பை அந்தப் போர்டு மட்டும்தான் சொல்லும். போர்டில் ஓட்டுகிறேன்."

அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது. பதினான்கு வருட வேலையில் எழுத்து மூலமாக வந்த ஆணையை நான் மீறியதில்லை. எண்பத்தெட்டு நிமிடம் கழித்துப் பதில் வரும். அதற்குள் போர்டு ஓட ஆரம்பித்துவிடும்.

மூச்சு விடுவோர்: 2


நாள் 416 | 07:50

போர்டு 'ஆ' மேசையில் ஓட மறுக்கிறது. இருபது நிமிடத்தில் கொதித்து நின்றுவிடுகிறது. பனிக்குள் உட்கார்ந்து வேலை செய்யப் பிறந்தது, 19 டிகிரி அதற்குக் கத்திரி வெயில்.

வெளியே போகும் இரட்டைக் கதவு அறையான வெளிப்பூட்டறையின் வெளிக்கதவைத் திறந்து வைத்து, அங்கே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கட்டியது ஹாஜிராவின் கிழிந்த வெளியுடுப்பின் தோள்பட்டை வாரால். கம்பிகள் சுவர்த் துளை வழியாக உள்ளே வருகின்றன. அங்கே இப்போது மைனஸ் 124. போர்டு சுகமாக இருக்கிறது.

முதல் சுற்றை எப்போதும்போல நிலையக் கணினி செய்துவிட்டது. இரண்டாம் சுற்று தொங்கும் போர்டில் ஓடுகிறது. எமுலேட்டர் இருபது நிமிடத்தில் முடித்ததை இது ஒன்பது மணி இருபது நிமிடத்தில் முடிக்கும். மூன்றாம் சுற்றுக்கு இன்னொரு ஒன்பது இருபது.

நேற்று குழுவிடமிருந்து வந்த பதிலை இங்கே எழுத மாட்டேன். என் பெயரை முழுசாக எழுதி ஆரம்பித்திருந்தார்கள்.

நான்காவது அட்டை போனது. மீதி இரண்டு. அறைக்கு ஒன்று, பேழைக்கு ஒன்று.

மூச்சு விடுவோர்: 2


நாள் 417 | 06:55

இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் ஒப்பிட்டாயிற்று. மொத்தம் 11,60,412 பைட். வேறுபட்ட பைட்: 1.

சந்தோஷத்தில் கத்திவிட்டேன். ஒரு பைட் தப்பானதற்கு இவ்வளவு குதித்தவள் நானாகத்தான் இருப்பேன். திருத்திய எமுலேட்டரிலும் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்திருந்தேன். அங்கே வேறுபாடு சுத்தமாக 0.

மூச்சு விடுவோர்: 2


நாள் 417 | 16:30

புழுவைப் பிடித்தேன். பெருக்கலில் இருக்கிறது.

இரண்டு எண்ணைப் பெருக்கச் சொன்னால், கடுங்குளிரில் மட்டும், எப்போதாவது இந்தச் சிப்புக்கு விடை வர அதன் கடிகாரத்தில் ஒரு துடிப்பு கூடுதலாகிறது. ஆனால் காத்திருப்பதில்லை. பழைய விடையையே எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. பெருக்கலை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி எண்ணினேன். ஒரு கோடிப் பெருக்கலில் ஒன்று இப்படி. கம்பைலர் அதிகம் பெருக்காது, அதனால் ஒரே பைட். காற்று நிரல் நொடிக்கு நூறு முறை பெருக்குகிறது. அதாவது, ஏறக்குறைய நாளுக்கு ஒரு தடவை தப்பான வால்வு.

கையேட்டின் 640 பக்கத்திலும் இது இல்லை. செய்தவர்களுக்கே தெரிந்திருக்காது. பூமியில் உட்கார்ந்து இதை யாரும் எமுலேட்டரில் எழுதியிருக்க முடியாது. குழுவுக்கு இதை அனுப்பினேன். ரொம்பப் பணிவாகத்தான் எழுதினேன், கடைசி வரியைத் தவிர.

மருந்து எளிது. ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு ஒரு துடிப்பு சும்மா நில் என்று கம்பைலர் எழுத வேண்டும். திருத்தி, சின்னச் சின்னச் சோதனைகளைப் போர்டிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுபடி மூன்று சுற்று.

மூச்சு விடுவோர்: 2


நாள் 418 | 19:25

ஐந்தாவது அட்டை போனது. அறையின் அட்டை. மீதி ஒன்று. அது பேழையில் இருக்கிறது.

கணக்கைத் தெளிவாக எழுதுகிறேன். அறையில் புதுக் காற்று இனி வராது. இருக்கிற காற்று, 20:00-லிருந்து எண்ணினால், எனக்குப் பதினொரு மணி நேரம். அதற்குப் பிறகு வெளியுடுப்பில் எட்டு மணி நேரம். ஹாஜிராவின் உடுப்பு கிழிந்தது, அதில் ஒன்றுமில்லை. மொத்தம் பத்தொன்பது மணி. இரண்டாம், மூன்றாம் சுற்றுக்கு வேண்டியது பதினெட்டு மணி நாற்பது நிமிடம். இருபது நிமிடம் மிச்சம்.

சோதிக்காமலே போர்டு 'இ'-யை அறையில் சொருகிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அறை வால்வு கீரை அறை வால்வைப் போல ஒரு தடவை திறந்தால் அறையோடு பேழையும் போகும். என் உயிரை மட்டும் வைத்து ஆடும் ஆட்டமாக இருந்தால் ஆடியிருப்பேன்.

20:00-க்குச் சுற்றைத் தொடங்குகிறேன். நான் மயங்கினாலும் நடக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொருகிவிட்டேன். போர்டு 'இ' பேழையின் குளிர்த் தகட்டில், மாற்று அட்டையின் காலி இடத்தில். போர்டு 'ஆ' பூட்டறையில் தொங்கியபடியே, ஒரு கம்பி அறை வால்வுக்கு. இரண்டும் மூன்றும் ஒத்துவந்தால் நிலையக் கணினி காற்று நிரலைச் செய்து முதலில் பேழைக்கும், பிறகு அறைக்கும் ஏற்றும். ஒத்துவராவிட்டால் எதையும் ஏற்றாது.

மூச்சு விடுவோர்: 2


நாள் 419 | 07:00

இரண்டாம் சுற்று 05:20-க்கு முடிந்தது. மூன்றாவது ஓடுகிறது. அறையில் தலை வலிக்கிறது, தீக்குச்சி உரசினால் பற்றாது. உடுப்புக்குள் போகிறேன். இனி கணக்கி என்னை எண்ணாது.

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 07:52

தரைநிலையம்:

"ஆணை. ஒன்று: மூன்றாம் சுற்றைக் கைவிடவும். இரண்டு: பேழையின் அட்டையைக் கழற்றி அறையில் சொருகவும். கப்பல் வரும்போது விழித்திருக்கும் ஒருவர் தேவை. மீறினால் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். பாதுகாப்புக் குழு."

பேழையின் அட்டையைக் கழற்றினால் ஹாஜிராவுக்கு மூன்று மணி நேரம். அதை எழுத மட்டும் அவர்களுக்கு எழுத்து போதவில்லை.

பத்து நிமிடம் கழித்து இன்னொன்று:

"தங்கச்சி, மேல உள்ளத நான் எழுதல. என்னையத்தான் எழுதச் சொன்னாவ. மாட்டேன்னுட்டேன். வெளிய போன்னுட்டாவ, வாசல்ல நின்னு பக்கத்து ரூம் பையன் மிஷின்ல அடிக்கேன். நீ ஒன் மனசுக்குப் பட்டத செய்யி. நான் இங்கதான் நிக்கேன்."

அண்ணாச்சி, தலைக்கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 11:10

குழுவுக்கு நான் அனுப்பிய பதில், பதிவுக்காக:

"முடியாது. மெர்சிலின்."

நான்கு காரணம் எழுதி வைத்திருந்தேன். அந்த அட்டையும் இன்றோ நாளையோ சாகும், அதை எடுத்து நான் ஐம்பத்தைந்து நாள் வாழ முடியாது என்பது முதல் காரணம். நல்ல காரணம்தான். ஆனால் அது உண்மைக் காரணம் இல்லை என்பதால் அனுப்பவில்லை.

பேழையை மூடும் முன் ஹாஜிரா சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. வலி மருந்து ஏறி நாக்கு குழறுகிறது. "ஏ மெர்சி, நான் எந்திரிக்கும்போது சாயா சூடா இருக்கணும். இல்லன்னா திரும்பப் படுத்துக்குவேன், சொல்லிட்டேன்." அவ்வளவுதான். பயமா என்று கேட்டேன், நீ இருக்கியே என்றாள்.

நான் இருக்கிறேன். இருந்துகொண்டு அவள் அட்டையைப் பிடுங்கி என் சுவரில் சொருகிக்கொள்ள மாட்டேன். அவளைக் கொன்றுவிட்டு, கப்பலில் வருபவர்களுக்குக் கதவைத் திறந்து வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதில் தியாகம் ஒன்றும் இல்லை. நான் சாகப் போவதில்லை. இருபது நிமிடம் மிச்சம் இருக்கிறது.

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 13:35

உடுப்பு இருப்பு: 1 மணி 25. மூன்றாம் சுற்று: 88 சதவீதம்.

பேழைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அசையாமல் இருந்தால் காற்று கொஞ்சம் நீளும். பேச்சும் கூடாது. அதனால் திட்டுவதையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொள்கிறேன், நிறைய இருக்கிறது. ஒரே பெட்டியிலிருந்து ஆறு அட்டை எடுத்தவனை. கைப்பிடியைக் கழற்றியவனை. பக்கம் 212-ஐ எழுதியவனை. அந்தப் பக்கத்தை என் இஷ்டத்துக்குப் படித்தவளை.

போர்டு அங்கே தொங்குகிறது. சின்ன ஜன்னல் வழியாகத் தெரிகிறது. பச்சை விளக்கு மினுங்குகிறது. ஆமை. நடடா.

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 14:12

95. உடுப்புக்குள் கரியமில வாயு சேர்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது.

நிறுத்தி ஏற்றிவிடு என்று தலைக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். 95 போதும் என்கிறாள். கீரை அறையிலும் போதும் என்றுதான் சொன்னாள். போதாது. முடிகிறவரை தொட மாட்டேன். கைமேல் உட்கார்ந்து அமுக்கி

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 14:24 | தானியங்கிப் பதிவு

பேழை அட்டை 6: பதில் இல்லை. பேழை இருப்புக் காற்று: 3 மணி.
நிலையத்தில் இயங்கும் காற்று அட்டைகள்: 0.

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 14:40 | தானியங்கிப் பதிவு

மூன்றாம் சுற்று முடிந்தது.
ஒப்பீடு: 11,63,088 பைட்.
வேறுபட்ட பைட்: 0.
காற்று நிரல் செய்யப்படுகிறது.

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 14:47 | தானியங்கிப் பதிவு

போர்டு 'இ': ஏற்றம் முடிந்தது. பேழை வால்வு: பதில் தருகிறது. பேழைக் காற்று: சரி.
போர்டு 'ஆ': ஏற்றம் தொடங்கியது.

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 14:56 | தானியங்கிப் பதிவு

போர்டு 'ஆ': ஏற்றம் முடிந்தது. அறை வால்வு: திறப்பு, அளவோடு.
அறை ஆக்சிஜன்: 13 சதவீதம், ஏறுகிறது.
வெளியுடுப்பு 1: இருப்பு 4 நிமிடம். அணிந்திருப்பவர் அசைவு: இல்லை.

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 15:00 | தானியங்கிப் பதிவு

வெளியுடுப்பு 1: இருப்பு 0. அசைவு: இல்லை.
அறை ஆக்சிஜன்: 17 சதவீதம், ஏறுகிறது.
தரைநிலையச் செய்தி வந்தது: "ஆணை மீறலுக்கு எழுத்து மூலம் விளக்கம் உடனடியாகத் தேவை. பாதுகாப்புக் குழு."

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 15:03 | தானியங்கிப் பதிவு

வெளியுடுப்பு 1: தலைக்கவசப் பூட்டு, கையால் திறப்பு. முதல் முயற்சி தோல்வி. இரண்டாம் முயற்சி தோல்வி. மூன்றாம் முயற்சி

மூச்சு விடுவோர்: 1


நாள் 419 | 15:41

குழுவுக்கு. நாற்பது எழுத்து வேகம், அதனால் சுருக்கமாக. விளக்கம் கேட்டிருந்தீர்கள். கீழே ஒட்டியிருக்கிறது. அதை எழுதியது நான் இல்லை.

மூச்சு விடுவோர்: 2